வருமுன் காத்த மீன்கள்



சிறுவயதில் நாம் கேட்ட கதைகளுள் மூன்று மீன்களின் கதையும் ஒன்று. வருமுன் காப்போன், வருங்கால் காப்போன், வந்தபின் காப்போன் என்னும் மூன்று மீன்கள் ஒரு குளத்தில் வாழ்ந்தன. கோடையில் நீர் வற்றும், வலைஞர் வருவர் என்று முன்னரே உணர்ந்த முதல் மீன், வாய்க்காலில் நீர் ஓடும்போதே வேறொரு நீர்நிலைக்குச் சென்றுவிட்டது. இரண்டாவது மீன் வலையிற் பட்ட பின் செத்ததுபோற் கிடந்து, கரையில் எறியப்பட்ட வேளையிற் துள்ளித் தப்பியது. மூன்றாவது மீன் வலைஞர் கையில் மாண்டது.

மனிதருக்கு அறிவுரையாகவே இக்கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயின், மீன்களை வளர்த்துப் பிழைப்போர் கடந்த நூற்றாண்டில் இம்மூன்று வழிகளையும் மெய்யாகவே பரீட்சித்துப் பார்த்திருக்கின்றனர். அவர்களுட் பலர், மூன்றாவது மீனின் வழியிற் தொடங்கி, பெருநட்டம் அடைந்த பின்னரே முதல் மீனின் வழிக்கு வந்து சேர்ந்தனர். அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

மீனுக்கும் நோய் உண்டு என்பது புதிய செய்தியன்று. ஆற்றிலும் கடலிலும் வாழும் மீன்களும் நோயுறுகின்றன. ஆயினும் அங்கே நோயுற்ற மீன் தனித்து விடப்படுகிறது; பெரிய மீனுக்கு இரையாகிறது; அதன் நோயும் பெரும்பாலும் அதனோடு முடிகிறது. பண்ணையில் நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே வலைக்கூட்டுக்குள் நெருங்கி வாழ்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் செவுள் வழியே செல்கிறது. கால்நடைக்கு நோய் வந்தால் அதனை வேறு தொழுவத்திற் கட்டலாம். ஆனால் மீனைச் சூழ்ந்துள்ள நீரைப் பிரித்துக் கட்டுவது எங்ஙனம்? இன்று என் கூட்டிலிருக்கும் நீர் நாளை அயலவன் கூட்டிலிருக்கும். மீன்வளர்ப்பின் நோய் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே நிகழ்ந்தது எனலாம்.

1894ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில், திரவுட்டு என்னும் நன்னீர் மீனை வளர்க்கும் குஞ்சுபொரிப்பகம் ஒன்றிலே, மீன்களின் உடலிற் கட்டிகள் எழுந்து அவை மடிவதை எமெரிக், வைபெல் என்னும் இரு ஆய்வாளர் கண்டு எழுதினர். அந்நோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியம் என்பதையும் அவர்கள் காட்டினர். அதனை நாம் இங்கே கட்டிநோய் என்று வழங்குவோம். அது விரைவிலேயே ஐரோப்பாவின் ஆறுகளிற் பரவலாயிற்று. பிரித்தானியாவில் ஆற்றுமீன்கள் பெருந்தொகையாக மடிந்தமையால், இந்நோயை ஆராய 1929ஆம் ஆண்டளவில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1930க்கும் 1935க்கும் இடையில் மூன்று அறிக்கைகளை வெளியிட்டது. அவற்றின் பயனாக 1937இல் மீன்நோய்ச் சட்டம் நிறைவேறியது. உயிருள்ள சால்மன் இன மீன்களைப் பிறநாடுகளிலிருந்து கொண்டுவருதலை அச்சட்டம் தடைசெய்தது. நோயைத் தீர்க்கும் மருந்து எதுவும் கையில் இல்லாத காலத்தில் எழுந்த சட்டம் அது. மருந்து இல்லாமையாலேயே, வாயிலை அடைப்பதன் அருமையை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1942ஆம் ஆண்டில், கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவிலே டஃப் என்னும் அறிஞர், கட்டிநோய்ப் பற்றீரியத்தைக் கொன்று, இறந்த அந்நுண்ணுயிரைத் திரவுட்டு மீன்களின் உணவிற் கலந்து ஊட்டினார். அதனை உண்ட மீன்கள் பின்னர் நோய்க்கு ஆளாக்கப்பட்டபோது, உண்ணாதவற்றிலும் மிகுதியாகப் பிழைத்தன. மனிதனுக்கு அம்மைப்பால் குத்துவது போல மீனுக்கும் முன்காப்பு அளிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயின் உலகம் இதனைப் பொருட்படுத்தவில்லை. அதே காலத்திற் சல்பா மருந்துகளும், அவற்றைத் தொடர்ந்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வந்துவிட்டன. உணவிற் சிறிது மருந்தைக் கலந்தால் சாவு நிற்குமாயின், முன்கூட்டியே பாடுபடுவானேன் என்ற எண்ணம் எங்கும் பரவியது. டஃப் காட்டிய வழி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது.

இனி நோர்வே நாட்டிற்குச் செல்வோம். மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்து கிடக்கும் ஆழமான நீர்த்துறைகள் நிறைந்த நாடு அது. சால்மன் மீன் ஆற்றிலே பிறந்து, இளமையிற் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்கு மீண்டும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது. 1970ஆம் ஆண்டில் ஹித்ரா என்னும் தீவிலே குரொன்வெத் என்னும் சகோதரர் இருவர், ஏறத்தாழ 20,000 இளஞ்சால்மன்களைக் கடலில் மிதக்கும் வலைக்கூட்டில் விட்டு வளர்த்தனர். முயற்சி பலித்தது. அது கண்டு கரையோரக் கிராமத்தவர் பலரும் கூடுகளை அமைத்தனர். மீன்பிடியும் சிறு கமமும் அன்றி வேறு வருவாய் அறியாத ஊர்களிற் பணப் புழக்கம் உண்டாயிற்று. பிள்ளைகள் பட்டினம் நோக்கிப் போகாது ஊரிலேயே தங்கலாயினர். எனவே, பின்னர் கூடுகளில் மீன் மடிந்தபோது, மடிந்தது மீன் மாத்திரமன்று. அக்கரையோர மக்களின் வாழ்வும் அதனோடு ஊசலாடியது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

1970களின் இறுதியில் அந்த ஹித்ராத் தீவிலேயே துன்பம் தொடங்கியது. குளிர்காலத்தில், நீர் மிகக் குளிர்ந்திருக்கும் வேளையில், மீன்கள் உள்ளே இரத்தம் கசிந்து இறந்தன. மக்கள் அதற்கு ஹித்ரா நோய் என்றே பெயரிட்டனர். அதன் காரணம் குறித்து அறிஞரிடையே பெரும் வாதம் எழுந்தது. உணவிலே உயிர்ச்சத்துக் குறைந்தமையே காரணம் என்றனர் சிலர். நுண்ணுயிரே காரணம் என்றனர் வேறு சிலர். கடல் ஆய்வாளரான எம்மி எகீதியுசு அம்மையாரும் அவருடைய உடனாய்வாளரும், இந்நோயை உண்டாக்கும் பற்றீரியத்தை 1986இல் விவரித்துப் பெயரிட்டனர்.

வாதம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிற் பண்ணையாளர் கைகட்டி இருக்க இயலுமா? மிருக வைத்தியரின் சீட்டைப் பெற்று, மருந்து கலந்த உணவை மூட்டை மூட்டையாகக் கூட்டிற் கொட்டினர். 1987ஆம் ஆண்டில் நோர்வேயின் மீன்பண்ணைகளிற் பயன்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏறத்தாழ 48 தொன். அவ்வாண்டு வளர்த்தெடுத்த மீனோ 55,000 தொன் அளவினதே. அஃதாவது, ஒரு தொன் மீனுக்கு ஒரு கிலோவிற்குச் சற்றே குறைந்த மருந்து செலவாயிற்று.

இம்மருந்தின் குறை எங்குள்ளது என்பதைச் சற்று நோக்குவோம். நோயுற்ற மீன் உணவு கொள்ளாது. ஆகவே மருந்து கலந்த உணவைச் சுகமாயுள்ள மீன்களே பெரிதும் உண்டன. எவற்றுக்கு மருந்து வேண்டுமோ அவை உண்ணவில்லை. உண்ணப்படாத உணவு கடலடியிற் படிந்தது. அதனைக் கூட்டைச் சுற்றித் திரிந்த காட்டு மீன்கள் தின்றன. மருந்துகளுட் சில கடல்நீரிலுள்ள சுண்ணம், மக்னீசியம் ஆகியவற்றோடு பிணைந்து வலுவிழந்தன. மேலும், மருந்தைத் தாங்கிப் பழகிய பற்றீரியாக்கள் நாளடைவிற் பெருகின. இவற்றுட் பல, மனிதர்க்கு வைத்தியர் கொடுக்கும் மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தவை. மீன் கூட்டில் அம்மருந்து பயனற்றுப் போகுமாயின், அக்கேடு மீனோடு நின்றுவிடும் என்பதற்கு என்ன உறுதி?

ஹித்ரா நோய்க்கு எதிரான தடுப்பு மருந்து 1980களின் பிற்பகுதியிற் பரவலாக வழங்கப்பட்டது. மருந்தின் அளவும் 1989இல் 20 தொன்னுக்கும் கீழே இறங்கியது. இனி அச்சமில்லை என்று பண்ணையாளர் மூச்சுவிட்ட வேளையில், வேறொரு வாயிலால் வேறொரு பகை உட்புகுந்திருந்தது. 1985ஆம் ஆண்டில், நோர்வேயில் இளமீன்களுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, ஸ்கொத்லாந்திலிருந்து இளஞ்சால்மன்கள் தருவிக்கப்பட்டன. அவற்றோடு கூடவே வந்தது, முன்னர் நாம் கூறிய கட்டிநோய். நோயின் குறி எதுவும் காட்டாத மீனும் நோயைச் சுமந்து செல்லக்கூடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. படகும், வலையும், கூட்டிலிருந்து தப்பிய மீனும் நோயைத் துறைதுறையாகக் கொண்டு சென்றன. 1992ஆம் ஆண்டு முடிவதற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் அது தோன்றிவிட்டது. காட்டுச் சால்மன் வாழும் ஆறுகளும் பல அதற்குத் தப்பவில்லை. மருந்தின் அளவு 1990இல் மீண்டும் 37 தொன் வரையில் ஏறியது.

கதையின் முதல் மீன் நீர்விட்டு நீர் மாறித் தப்பியது. பண்ணை மீனோ நீர்விட்டு நீர் மாறியதாலேயே கெட்டது. கதையை அப்படியே கொள்ளாது அதன் கருத்தைக் கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இத்துயரின் நடுவே மற்றுமொரு நோயும் உண்டாயிற்று. 1984ஆம் ஆண்டில் நோர்வேயின் மேற்குக் கரையிலே, சால்மன்களின் செவுள் வெளிறி, இரத்தம் நீர்த்து, அவை இறக்கக் கண்டனர். சால்மன் இரத்தச்சோகை என்று அதற்குப் பெயர். இந்நோய்க்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் பயன்படவில்லை. இதனை உண்டாக்குவது ஒரு வைரசு என ஐயுற்றனரேயன்றி, அதனைப் பிரித்தெடுத்துக் காட்ட எவராலும் இயலவில்லை. 1990இல் ஏறத்தாழ 80 பண்ணைகள் இந்நோய்க்கு ஆளாயின.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, பகைவன் முகமும் தெரியவில்லை. இந்நிலையில் என்ன செய்தனர்? நோய் எங்கே தோன்றுகிறது, எங்கே தோன்றவில்லை என்று கணக்கெடுத்தனர். நோயுற்ற பண்ணைக்கு அருகிலும், மீனை அறுத்துத் துப்புரவாக்கும் நிலையங்களுக்கு அருகிலும் நோய் மிகுதியாயிருந்தது. 1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே கொலரா பரவியபோது, ஜோன் சினோ என்னும் வைத்தியர், கிருமியைக் காணாமலே, மக்கள் எந்தக் கிணற்று நீரைக் குடித்தனர் என்று தேடி நோயின் ஊற்றைக் கண்டார் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

கண்டதற்கேற்ப விதிகள் வகுக்கப்பட்டன. ஒருமுறை கடலில் விடப்பட்ட மீனை வேறொரு கடற்பண்ணைக்கு மாற்றுதல் தடைசெய்யப்பட்டது. குஞ்சுபொரிப்பகங்களிற் கடல்நீரைப் பயன்படுத்துதல் நிறுத்தப்பட்டது. அறுக்கும் நிலையங்களின் இரத்தமும் கழிவுநீரும் கிருமிநீக்கப்பட்ட பின்னரே கடலிற் சேரலாம் என்றாயிற்று. மீன் ஏற்றிச் செல்லும் படகுகள் கழுவிச் சோதிக்கப்பட்டன. மூத்த மீனும் இளமீனும் ஒரே இடத்திற் கலந்து வாழாதவாறு, ஓராண்டு மீனுக்கு ஓரிடம் என ஒதுக்கினர். அறுவடை முடிந்ததும் கூடுகளை வெறுமையாக விட்டுக் கடலுக்கு ஓய்வு கொடுத்தனர். வயலைத் தரிசாக விட்டுப் பின்னர் விதைக்கும் நம் கமக்காரருக்கு இந்த ஓய்வின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இதன் பயன் யாது? 1994ஆம் ஆண்டளவில் புதிதாக நோயுற்ற பண்ணைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற்குக் குறைந்தன. அந்நோயின் வைரசை ஆய்வுசாலையில் வளர்த்துப் பிரித்தெடுத்ததோ 1995ஆம் ஆண்டிலேதான். பகைவன் பெயர் தெரியுமுன்னரே அவன் நடமாடும் வழியை அடைத்துவிட்டனர். இவ்வரலாற்றில் யான் பெரிதும் போற்றுவது இந்நிகழ்ச்சியையே.

ஏறக்குறைய அதே காலத்திற் கட்டிநோய்க்கும் விடிவு பிறந்தது. கொல்லப்பட்ட பற்றீரியத்தை எண்ணெய்யோடு குழைத்து ஊசி வழியாக ஏற்றும் தடுப்பு மருந்து 1992, 1993ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய் அம்மருந்தை உடலினுள்ளே நெடுநாள் தங்கச் செய்து, எதிர்ப்பு வலுவை வளர்க்கிறது. மீனுக்கு ஊசியா என்று நேயர்கள் வியக்கலாம். கையளவு நீளமுள்ள இளமீனை, கடலுக்கு அனுப்புமுன், மயக்க மருந்து கலந்த நீரில் இட்டு, உணர்விழந்ததும் வயிற்றறையினுள்ளே ஒரு மில்லிலீற்றரின் பத்திலொரு பங்களவு மருந்தைக் குத்தி விடுகின்றனர். பழகிய கையினர் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களுக்குக் குத்துவர். பின்னர் இதற்கு இயந்திரங்களும் வந்தன. குளிர்நீரில் எதிர்ப்பு வலு மெதுவாகவே தோன்றுமாதலால், கடலுக்கு விடுவதற்குப் பல வாரங்கள் முன்னரே இது முடிந்திருத்தல் வேண்டும். வருமுன் காத்தல் என்பது நாள் பார்த்துச் செய்யும் வேலை.

இதற்கும் ஒரு விலை இருந்தது. ஊசி ஏற்றிய மீன்களின் வயிற்றினுள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கரும்புள்ளிகள் தோன்றின, சில மீன்களின் வளர்ச்சி தளர்ந்தது. இக்கேடுகளைக் குறைக்க மருந்தின் அளவும் ஊசியிடும் காலமும் பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும் பண்ணையாளர் கணக்குத் தெளிவாயிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லியின் அளவு 1993இல் ஏறத்தாழ 6 தொன்னாகவும், 1994இல் ஒன்றரைத் தொன்னளவாகவும் வீழ்ந்தது. அவ்வாண்டு விளைந்த சால்மனோ ஏறத்தாழ 2 இலட்சம் தொன். பின்னர் விளைவு 15 இலட்சம் தொன்னையும் தாண்டி வளர்ந்தது. அவ்வளவு மீனுக்கும் ஆண்டொன்றுக்குச் செலவாகும் நுண்ணுயிர்க்கொல்லி ஒரு தொன்னுக்கும் குறைவு. 1942இல் டஃப் ஊட்டிய அந்த உணவின் கருத்து, ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நாட்டின் கைத்தொழிலைக் காத்தது.

ஓரிடத்திற் கற்ற பாடம் பிறிதோரிடத்தில் தானாகவே உணரப்படுவதில்லை. தென்னமெரிக்காவின் சிலி நாடும் சால்மன் வளர்ப்பிற் பெருவளர்ச்சி கண்டது. கூடுகள் நெருங்கின, வெவ்வேறு வயது மீன்கள் கலந்தன, மீனும் படகும் தடையின்றி இடம் மாறின. 2007ஆம் ஆண்டில், சீலோவே தீவில் அதே இரத்தச்சோகை நோய் உறுதிசெய்யப்பட்டது. சில ஆண்டுகளுள் அந்நாட்டின் அத்திலாந்திக்குச் சால்மன் விளைவு மூன்றிலொரு பங்குக்கும் கீழே சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர். நோர்வேயில் இருபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த விதிகளைப் போன்றவற்றையே சிலியும் பின்னர் வகுத்துக்கொண்டது.

நம் நாட்டிலும் இதனையொத்த ஓர் அநுபவம் உண்டு. புத்தளம், முந்தல், சிலாபம் களப்புகளை இணைத்து ஓடும் ஒல்லாந்தர் கால்வாயின் இருமருங்கும் இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. ஒரு குளத்தார் தம் கழிவுநீரை விட்டதும் அதே கால்வாயில்; அடுத்த குளத்தார் புதுநீர் எடுத்ததும் அதே கால்வாயில். 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் வந்தபோது அது குளத்துக்குக் குளம் தாவியதில் வியப்பென்ன? இறால் மீனன்று. மீனுக்குள்ளது போன்ற, ஒருமுறை கண்ட நோயை நினைவிற் கொள்ளும் எதிர்ப்பு வலு அதற்கில்லை. ஆதலால் தடுப்பூசியும் அதற்கு உதவாது. எஞ்சியிருப்பது ஒழுங்கு ஒன்றே. 1999ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை, பண்ணைப் பகுதியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எக்காலத்திற் குஞ்சு விடலாம் என்று செய்கை நாட்காட்டி வகுத்ததும், சோதித்துத் தேறிய குஞ்சுகளையே விடப் பணித்ததும் இக்காரணம் பற்றியே. ஒருவர் தம் முறைக்குக் காத்திராது முந்திக் குஞ்சு விடின், அவர் குளத்தின் நோய் கால்வாயில் உள்ள அனைவர்க்கும் உரியதாகிவிடும்.

நோர்வேயின் கதை வெற்றியோடு முற்றுப்பெற்றது என்று கூறி முடிக்க எனக்கும் விருப்பமே. ஆயின் அது உண்மையாகாது. பற்றீரியாவை வென்ற பண்ணைகளை இப்போது கடற்பேன் என்னும் சிற்றுயிர் வாட்டுகிறது. அதனைக் கொல்லும் மருந்துகளை அப்பேன்கள் தாங்கப் பழகிவிட்டன. மருந்து தோற்றமையால் வெந்நீரில் மீனை அமிழ்த்தியும், நீரைப் பீய்ச்சியும் பேனை உதிர்க்கின்றனர். இச்செயல்களால் மீனும் துன்புற்று மடிகிறது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நோர்வேயின் கடற்கூடுகளில் மடிந்த சால்மன்கள் 6 கோடிக்கும் மேல். கடலில் வளர்ந்தவற்றுள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அது.

ஆகவே இவ்வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. ஒரு மருந்தோ ஓர் ஊசியோ ஒரு நோயை வெல்லலாம். நெருக்கத்தை அது வெல்லாது. கூட்டுக்கு உரியவர் ஒருவராகலாம். நீருக்கு உரியவர் ஒருவரல்லர். தன் கூட்டை மாத்திரம் காக்க முனைந்தவன் தன் கூட்டையும் இழந்தான். துறையிலுள்ளோர் எல்லாரும் ஒரே நாளிற் கூட்டை வெறுமையாக்கி, ஒரே நாளில் இளமீன் விட உடன்பட்டபோது, முகந்தெரியாத பகையும் தோற்றது.

மூன்று மீன்களின் கதையில் வருமுன் காப்போன் தனியே போய்த் தப்பினான். இக்காலத்து வருமுன் காப்போனுக்கு அது இயலாது. அயலவனையும் கூட அழைத்துக்கொண்டே அவன் புறப்படல் வேண்டும்.